அண்டம் விழுங்கியும் சிமெண்ட் வாத்தும்

யாரும் கூப்பிடாமலே பஞ்சாயத்துக்கு வந்து உட்காருகிறவரை உங்களுக்குத் தெரியும். இலையில் சோறு விழுவதற்கு முன்பே உப்புப் போதாது என்று சொல்கிறவரையும் தெரியும். இன்று நான் அறிமுகம் செய்யப்போகிறவர் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அவருடைய கவலை பெரிது. இல்லாத இரண்டு கடவுள்கள், நடக்காத ஒரு சண்டையில், வரவே வராத ஒரு நாளில் மோதிக்கொண்டால் யார் ஜெயிப்பார்? அதுதான் கவலை. அதற்காக அவர் தூக்கத்தை விட்டிருக்கிறார், நண்பர்களை விட்டிருக்கிறார், ஒரு முறை அடுப்பில் வைத்த பாலையும் விட்டிருக்கிறார்.

இவருக்குப் பலம் அளப்பவர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்கு இவர்களைத் தெரிந்த அளவுக்கு இவர்களைப் பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது. ஓஹையோவில், சோளக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரில், ஒரு சலவைக் கடைக்கும் ஒரு தூண்டில் கடைக்கும் இடையில் நான் சித்திரக்கதைக் கடை வைத்திருக்கிறேன். புதன்கிழமை புது இதழ்கள் வரும். புதன்கிழமை இவர்களும் வருவார்கள். வாங்குவதற்காகவா? வாங்குவார்கள், அது வேறு. வருவது அளப்பதற்காக.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய மனைவியின் கண் என்ன நிறம் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார். ஆனால் கல்வோராக்ஸ் என்கிற அண்டம் விழுங்கி, மூன்று நட்சத்திர மண்டலங்களை ஒரே மடக்கில் குடித்தபோது இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டானா வலது கையால் துடைத்துக்கொண்டானா என்று கேட்டுப் பாருங்கள். இதழ் எண், பக்கம், பக்கத்தில் எந்தக் கட்டம், எல்லாம் வந்து விழும். அவர் கையில் கடவுள்களுக்கெல்லாம் படிவரிசை இருக்கிறது. ஊர் இடிப்பவன் கடைசிப் படி. அவனை யாரும் மதிப்பதில்லை. அவனுக்கு மேலே கிரகம் உடைப்பவன், அவனுக்கு மேலே சூரியனை ஊதி அணைப்பவன், அவனுக்கு மேலே அண்டம் விழுங்குகிறவன், அவனுக்கும் மேலே அண்டங்களுக்கு வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன். அதற்கும் மேலே, அந்த நாற்காலியைச் செய்தவன்.

வாக்குவாதம் எப்படிப் போகும் என்கிறீர்களா? இப்படி:

"உங்காளு போன மாசம் சாதாரண போலீஸ்காரன்கிட்ட அடி வாங்கினானே?"

"அது கணக்குல வராது. அன்னிக்குப் பலத்தை அடக்கி வெச்சிருந்தான்."

"எதுக்கு அடக்கி வெச்சான்?"

"போலீஸ்காரன் பாவம்னு."

"அண்டத்தையே தின்னவனுக்குப் பாவம் வேறயா?"

"அது பசி. இது பண்பு."

இந்தக் கடைசி வரியைச் சொன்னவர் மெர்வின் ஹாஸ்டெட்லர். டயர் கடையில் வேலை. ஆள் அகலம், என் கடை வாசலில் அவர் நின்றால் உள்ளே விளக்குப் போட வேண்டியிருக்கும். நல்ல மனிதர். பனியில் வண்டி சிக்கினால் முதலில் வந்து தள்ளுகிறவர் அவர்தான். ஆனால் தள்ளும்போதே, "கல்வோராக்ஸா இருந்தா இதை மூச்சாலயே…" என்று ஆரம்பிப்பார். போன வருஷம் முட்டியில் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுக்கிறவர், "கண்ணை மூடிக்கிட்டு எண்ணுங்க" என்றபோது மெர்வின் எண்ணவில்லை. கல்வோராக்ஸுக்கு இந்த மருந்து எத்தனை லாரி தேவைப்படும் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். பாதிக் கேள்வியில் தூங்கிப்போனார். கண் விழித்ததும் மீதிப் பாதியைக் கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவி லோர்னா, "பொழைச்சிட்டாரு" என்று வீட்டுக்குத் தகவல் சொன்னாள்.

இந்த மெர்வினுக்கும் எனக்கும் ஒரே வழக்கில் ஜூரியாக உட்கார அழைப்பு வந்தது. ஊர் சின்னது, சீட்டுக் குலுக்கினால் தெரிந்த முகம்தான் விழும்.

வழக்கு ஒரு வாத்தைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலில் சிமெண்ட் வாத்து வைப்பார்கள். அதற்குச் சட்டை தைத்துப் போடுவார்கள். ஈஸ்டருக்கு முயல் காது, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் குல்லா, மழைக் காலத்துக்கு மஞ்சள் மழைக்கோட்டு. வழக்கமாக வாத்து முட்டி உயரம்தான் இருக்கும். ஆனால் வில்மா என்கிற விதவை அம்மாள் தன் வாத்தைச் சொல்லிச் செய்ய வைத்திருந்தாள். மார்பளவு உயரம். இருநூற்று ஐம்பது பவுண்டு, அதாவது நூறு கிலோவுக்கும் மேல் எடை. ஒரு நாள் காலையில் அது காணாமல்போய், தெருக்கோடிப் பள்ளத்தில் மூக்கு உடைந்து, மழைக்கோட்டுடன் மல்லாந்து கிடந்தது. பக்கத்து வீட்டு லைல் கிராம்லிக் திருடிவிட்டார் என்று வழக்கு.

லைலைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கழுத்துப்பட்டை கழுத்தைப் பிடித்திருக்கிறதா, கழுத்து கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். திருடன் என்று தீர்ப்பாகிவிட்டால் பஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அவருடைய வக்கீல் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. அவர் மூலையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரில் பார்த்த சாட்சி, எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான்.

"மூடுபனிங்க. ஒருத்தன், புதுப் பெண்டாட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள போற மாதிரி, வாத்தை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுப் போனான். பார்க்க லைல் மாதிரிதான் இருந்துச்சு."

"முகத்தைப் பார்த்தீங்களா?" என்று லைலின் வக்கீல் கேட்டார்.

"வாத்து முகத்தைப் பார்த்தேன்."

அடுத்து, பஸ் கொட்டகையின் மேலாளர் வந்து லைல் நல்லவர் என்று சொன்னார். கூடவே, பஸ்ஸின் முன் மூடியைத் திறப்பதற்கே லைல் ஆள் கூப்பிடுவார் என்றும் சொல்லிவைத்தார். அது காதில் விழுந்த நொடியில் என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். மெர்வின் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை முகம்.

ஐயோ, என்று நினைத்தேன்.

எங்கள் எட்டுப் பேரையும் ஓர் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். காப்பி இருந்தது, சர்க்கரை தூவிய டோனட் ஒரு பெட்டி இருந்தது. காப்பீட்டு ஏஜெண்ட் டெல்பர்ட்டைத் தலைவராக்கினோம், அவர் மட்டும்தான் கோட்டுப் போட்டிருந்தார் என்பதால். சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லி அவர் சீட்டு எழுதச் சொன்னார். ஐந்து சீட்டில் 'குற்றவாளி'. இரண்டு சீட்டில் 'குற்றமில்லை'. எட்டாவது சீட்டைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"'சாதாரண நிலையிலா, கோபத்திலா?' இது யார் எழுதினது?"

"நான்தான்" என்று மெர்வின் எழுந்தார். "இங்க பாருங்க. இந்த லைல் இதுக்கு முன்னாடி ஏதாவது கனமானதைத் தூக்கினதுக்கு ஒரு ஆதாரம் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. இல்ல! ஆனா தூக்க முடியாததுக்கு ஆதாரம் இருக்கு. பஸ் மூடி திறக்க ஆள் கூப்பிடறவன், வாத்தைத் தனியாத் தூக்கறான். இதெப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகலேன்னா கதாசிரியர் தப்புப் பண்ணியிருக்கார்னு அர்த்தம்."

"கதாசிரியர் யாருப்பா இங்க?"

"அரசாங்க வக்கீல்!"

யாரோ சிரித்தார்கள். ஆனால் இருவர் தலையாட்டியதையும் நான் பார்த்தேன்.

டெல்பர்ட் விடவில்லை. "ஆத்திரம் வந்தா மனுஷனுக்கு எங்கிருந்தோ பலம் வரும் மெர்வின். எங்க மாமா ஒரு தடவை டிராக்டரையே…"

"அது ஒரு தடவை. ஒரு தடவை நடந்தது கணக்குல வராது. கல்வோராக்ஸே ஆத்திரத்துல ஒரு தடவை காலத்தையே முறிச்சான். அதுக்காக அவனைக் காலம் முறிக்கிறவங்க வரிசையில வெச்சிட முடியுமா? எனக்கே ஆசைதான். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மேசைக் கோடியில் யூனிஸ் யோடர் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோழிப்பண்ணைக்காரி. எழுபது வயதுக்கு மேல். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் பழுப்பு நிறத்தில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தவள், ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்:

"அந்தக் கல்வோராக்ஸ் எந்த ஊர்க்காரன்?"

மெர்வின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வாழ்க்கையில் ஒரு புது மனிதர் தானாகக் கேட்பதென்பது அவர்களுக்கு எத்தனை முறை கிடைக்கும்? நின்றபடியே தொடங்கி, கல்வோராக்ஸின் பிறப்பு, வளர்ப்பு, முதல் பசி, இரண்டாம் பசி, விழுங்கிய அண்டங்களின் அளவு என்று கொட்டித் தீர்த்தார்.

"விழுங்கினதெல்லாம் அப்புறம் எங்க போகும்?" என்றாள் யூனிஸ்.

இத்தனை வருஷத்தில் அதை மெர்வினிடம் யாரும் கேட்டதில்லை.

"உள்ளயே இருக்கும்."

"செரிக்காதா? அப்ப வயித்து வலிக்காரன்னு சொல்லு."

நான் அப்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மெர்வினின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பேச்சை மாற்ற நினைத்து, "அவனுக்குச் சரிநிகர்னு ஒருத்தியும் இருக்காம்மா. அயோனா. காலம் கிழிஞ்சப்போ ஊசி நூல் எடுத்து அதைத் தெச்சவ" என்றேன்.

பின்னல் ஊசி நின்றது.

"தெச்சாளா? என்ன தையல்?"

மெர்வின் என்னைப் பார்த்தார். நான் மெர்வினைப் பார்த்தேன். கடையில் எத்தனை புதன்கிழமை அயோனாவை அளந்திருக்கிறோம், என்ன தையல் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா?

"தொடர் தையல்னு நினைக்கிறேன்" என்றேன்.

"கிழிஞ்ச துணியில தொடர் தையல் நிக்கணும்னா கை சுத்தமா இருக்கணும்" என்றாள் யூனிஸ். "திங்கறதுக்கு வாய் இருந்தாப் போதும் தம்பி. தைக்கறதுக்குத் தலை வேணும். அவதான் ஜெயிப்பா."

"அம்மா, அவன் அவளையே விழுங்கிடுவான்!"

"ஊசியோடயா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. அதுவரை சித்திரக்கதை என்பதே குழந்தைகள் சமாசாரம் என்றிருந்த அறையில், பல் மருத்துவரின் உதவியாளர் ஒருத்தி, ஊசி தொண்டையில் குத்தினால் என்ன ஆகும் என்று விளக்கினாள். ஒரு லாரி ஓட்டுநர், அவள் காலத்துக்கு வெளியே நின்றால் அவன் வாய் திறப்பதற்கு முந்தின நாளே வந்து தைத்துவிட்டுப் போகலாமே என்றார். டெல்பர்ட், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு பேருமே காப்பீடு செய்யத் தகுதியில்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். கத்தல் வெளியே கேட்டு நீதிமன்றக் காவலர் கதவைத் தட்டினார். சந்தேகம் இருந்தால் நீதிபதிக்கு எழுதிக் கேட்கலாம் என்றார். வேறு எதற்கோ சொன்னார், பாவம். லாரி ஓட்டுநர் உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்களைத் திரும்ப அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். நீதிபதி அம்மாள் சீட்டை விரித்து, வழக்கப்படி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"'சம்பந்தப்பட்டவர் காலத்துக்கு வெளியே நிற்கும் பட்சத்தில், அவரை விழுங்கியதாகக் கருத முடியுமா?'"

இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிரெதிர்க் கட்சியில் இருந்தும் அன்றைக்கு முதன்முறையாக ஒரே மனதாக இருந்தார்கள். லைல் நிமிர்ந்து, தான் வேறு யாரோ ஒருவருடைய வழக்கில் தவறுதலாக உட்கார்ந்திருக்கிறோமோ என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார். நீதிபதி அம்மாள் சீட்டை மடித்து வைத்துவிட்டு, "நீங்கள் கேட்ட சாட்சியங்களின் அடிப்படையில் மட்டும் முடிவுக்கு வரவும்" என்றாள். மெர்வின் என் காதில், "அதான் முதலாளி, நானும் சொல்றேன், அச்சுல வந்தது மட்டும்தான் ஆதாரம்" என்றார்.

மறுபடி அறை, மறுபடி சீட்டு. இந்த முறை ஏழு பேர் 'குற்றமில்லை'. மெர்வினின் வாதம் ஒருபக்கம் கிறுக்குத்தனமாக இருந்தாலும், இன்னொரு பக்கம் அதை மறுக்க யாரிடமும் ஒன்றும் இல்லை. எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. எட்டாவது ஆள் யூனிஸ்.

"அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன்" என்றாள். அறுபது வயதுப் பையன். "தூக்கினவன் முகம் அது."

"முகம் ஆதாரம் ஆகுமாம்மா?" என்றார் டெல்பர்ட்.

"ஆகாது. நிச்சயமில்லாம ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். நான் இறங்கி வரத் தயார். ஆனா நான் மட்டும் ஏன் இறங்கணும்? காலையிலேருந்து இந்தத் தம்பி ஒரு படியாவது இறங்கினாரா? அயோனா ஜெயிப்பான்னு அவர் வாயால சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

எல்லோரும் மெர்வினைப் பார்த்தோம்.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் பலம் அளப்பவருக்கு அது என்ன வேதனை என்று அவருடன் வருஷக்கணக்காகக் கடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். எட்டு வயதிலிருந்து கல்வோராக்ஸ் கட்சி. அப்பா வீட்டை விட்டுப் போன வருஷம் கையில் கிடைத்த முதல் இதழ் அவனுடையது. அவனுக்காக நண்பர்களை இழந்திருக்கிறார். எங்கோ முகம் தெரியாத எவனோ ஒருவனோடு கணினியில் விடிய விடிய மல்லுக்கட்டியிருக்கிறார். தேனிலவுக்குப் போன இடத்தில் லோர்னா, "அவ ஜெயிச்சாத்தான் என்ன?" என்று கேட்டதற்கு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். அந்த மனிதரை ஒரே வரியில் கட்சி மாறச் சொன்னால்?

மெர்வின் ஜன்னலுக்குப் போனார். நானும் கூடப் போய் நின்றேன். கீழே, வாசல் பெஞ்சில் லைல் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சோடா பாட்டில். மூடியைத் திருகினார்; வரவில்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருகினார், வரவில்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற காவலரிடம் நீட்டினார். காவலர் இரண்டு விரலால் திறந்து கொடுத்தார்.

மெர்வினின் தோள் இறங்கியது. திரும்பி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அயோனா ஜெயிப்பா" என்றார். "கல்வோராக்ஸ் முழுப் பலத்தையும் காட்டாத பட்சத்துல."

"வாலை வெட்டு" என்றாள் யூனிஸ்.

"அயோனா ஜெயிப்பா. முன்கூட்டியே தயாராக நேரம் குடுத்தா."

"அந்த வாலையும்."

டோனட் பெட்டியை லாரி ஓட்டுநர் மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். ஒன்றுதான் மீதி இருந்தது. மெர்வின் அதைத் தொடவில்லை.

"அயோனா ஜெயிப்பா" என்றார். வால் இல்லை.

தீர்ப்பை டெல்பர்ட் வாசித்தார். லைல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்தப் பக்கம் மெர்வினும் அழுதார். ஜூரிக்காரருக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நீதிபதி அம்மாள் நினைத்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் லோர்னா அவர் நெற்றியில் கை வைத்துச் சுடுகிறதா என்று பார்த்தாளாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. முடியவில்லை.

ஜூரி அறைக்குள் பேசியதை, வழக்கு முடிந்த பிறகு வெளியே சொல்லலாம். எட்டுப் பேரும் சொன்னோம். லைல் நிரபராதி என்பது ஊருக்குள் பரவிய வேகத்தைவிட, லைலால் ஒரு வாத்தைக்கூடத் தூக்க முடியாது என்பது வேகமாகப் பரவியது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண், "கனமா இருக்கும், நானே கொண்டுவர்றேன்" என்று அவருடைய காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தாளாம். பஸ்ஸில் பிள்ளைகள் குவாக் குவாக் என்றார்களாம்.

ஒரு புதன்கிழமை லைல் என் கடைக்குள் வந்தார். மெர்வின் இருந்தார். யூனிஸும் இருந்தாள்; அயோனா இதழ்களையெல்லாம் வாங்க ஆரம்பித்து, வரைபவருக்கு ஊசியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று வாராவாரம் என்னிடம் புகார் செய்துகொண்டிருந்தாள்.

"நீங்கதானே மெர்வின்?" என்றார் லைல். "எனக்குத் திராணி இல்லைன்னு நிரூபிச்சது நீங்கதானே?"

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து மெர்வின் அவர் தோளில் கை வைத்தார். "அட, அதுல வெக்கப்பட என்ன இருக்கு? படிவரிசையில எல்லாருக்கும் ஒரு இடம். உங்க இடம் கடைசிப் படிக்குக் கொஞ்சம் கீழ. சிலபேர் அங்கதான் சந்தோஷமா இருக்காங்க."

லைலின் முகம் சிவந்தது. காதும் சிவந்தது. அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், இன்றைக்கும் நம்ப முடியவில்லை. குனிந்தார், ஒரு கையை மெர்வினின் முட்டிக்குப் பின்னால் கொடுத்தார், இன்னொன்றை முதுகுக்குக் கொடுத்தார், அந்த வாத்தையும் அதன் தங்கையையும் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு கனம் உள்ள மெர்வினை அலாக்காகத் தூக்கிவிட்டார். தூக்கியதோடு நிற்காமல் கடையின் வாசலை நோக்கி நடந்தார்.

"முதலாளி!" என்று மேலேயிருந்து மெர்வின் கத்தினார். "பார்த்துக்குங்க, இது கோபத்துல! இது கணக்குல வராது!"

"அன்னிக்கும் கோபந்தான்யா!" என்றார் லைல்.

மெர்வினைத் தூக்கிய கையோடு லைல் அப்படியே நின்றார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"என் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிக்கும்" என்றார். "விடியக்காலையில எந்திரிச்சுக் காப்பி போடுவேன். அது என்னையே பார்க்கும். மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு. மழையே இல்லைங்க அன்னிக்கு. வெறும் பனிதான். மழையில்லாத நாள்ல மழைக்கோட்டு எதுக்கு? தாங்க முடியல."

யூனிஸ் தன் இதழை மூடினாள். "தூக்கினவன் முகம்னு நான் சொன்னேனா இல்லையா? தம்பி, என் சீட்டைத் திருப்பிக் குடு."

"தீர்ப்பு வந்த வழக்கு வந்ததுதான்மா. ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை கூண்டுல ஏத்த முடியாது" என்றேன் நான்.

மெர்வின் எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. வாசலில் நின்ற அவருடைய முகத்தில் ஏதோ விடிந்துகொண்டிருந்தது. "இருங்க. இவர் தூக்கியிருக்கார். அப்ப அந்த ஒப்பந்தம் செல்லாது. அப்ப நான் சொன்னதும் செல்லாது. அப்ப…" என்றவர், படியில் உட்கார்ந்திருந்த லைலை இழுத்து எழுப்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கல்வோராக்ஸ் ஜெயிச்சிட்டான்யா! நீ நல்லா இருக்கணும்!"

"தீர்ப்பு நிக்குதுன்னா உன் வார்த்தையும் நிக்கும்!" என்றாள் யூனிஸ்.

அந்த வழக்கு என் கடையில் வாராவாரம் நடந்துகொண்டிருக்கிறது. இரு தரப்பிலும் சாட்சிகள் பெருகிவிட்டார்கள். லாரி ஓட்டுநர்கூட வருகிறார்.

லைலை யூனிஸ் சும்மா விடவில்லை. கூட்டிக்கொண்டு போய் வில்மாவிடம் உண்மையைச் சொல்ல வைத்தாள். வில்மா அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா திருப்பி வெச்சிருப்பேனே, மனுஷா. இப்ப நீயே திருப்பு" என்றாளாம். வாத்து அதற்குள் பழைய இடத்துக்கே வந்து, அதே ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தது. லைல் போய் அதைக் கட்டிப்பிடித்தார். முக்கினார். கோபமில்லாத மனிதர் இப்போது. ஓர் அங்குலம் அசையவில்லை. ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே மெர்வின் சொன்னார்: "சாதாரண நிலையில முடியாது. முதல் நாளே சொன்னேன்." லைல் பஸ் ஓட்டுகிறார். உடைந்த மூக்குக்குச் சிமெண்ட் பூசியதும் அவர்தான், கொஞ்சம் கோணல்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, நல்லவேளை, நம் பக்கத்தில் இப்படி ஆள் கிடையாது என்று பெருமூச்சு விடுகிறீர்கள். கிடையாதா? உங்கள் நடிகருடைய பழைய படத்தின் வசூலை அவருக்கே தெரியாத துல்லியத்தில் சொல்கிறவர் யார்? தன் முட்டிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர், அடுத்த வீட்டுக்காரருடைய டாக்டரைவிடப் பெரிய டாக்டர் என்று நிரூபிக்காமல் காப்பியைத் தொடாதவர் யார்? உங்கள் அணி தோற்றதும், "அன்னிக்குப் பிட்ச் சரியில்ல, அது கணக்குல வராது" என்றவர் யார்?

என்ன, முகம் மாறுகிறது? நான் அப்படியெல்லாம் இல்லை, அதெல்லாம் என் மச்சான்தான், அவனோடு பார்த்தால் நான் எவ்வளவோ தேவலை என்கிறீர்களா?

பார்த்தீர்களா, அளக்க ஆரம்பித்துவிட்டீர்கள். புதன்கிழமை கடைக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுகிறேன்.